மேலிருந்து பார்த்ததைக் கீழே வரைதல்

கிருபாகரனிடம் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தது. பட்டம்தான் இல்லை.

இதில் மோசடி எதுவும் கிடையாது. ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழைக் கல்லூரியில் சேரும்போதே தாலுகா ஆபீசில் வாங்கிவிட வேண்டும். அங்கே நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிற வேலைதான் ஏழு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது.

சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அதனால் தங்கை நிஷாவுக்கு அது கிடைக்கவில்லை. அவள் சலுகை இல்லாமலேயே பி.காம் சேர்ந்து, மூன்றே வருடத்தில் முடித்து, அம்பத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்கும் போய்விட்டாள்.

"முதல் பட்டதாரின்ற பேரு உனக்கு, பட்டம் எனக்கு," என்பாள். "ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு போட்டோ எடுத்துக்கினா ஊட்டுக்கு ஒரு பட்டதாரி முழுசா தேறும்ணா."

அவனை நிறுத்தி வைத்திருந்தது ஒரே ஒரு பேப்பர். மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் பெயரைக் கேட்டாலே நடுங்குகிற பேப்பர்களை எல்லாம் அவன் முதல் முயற்சியிலேயே தாண்டியிருந்தான். முதல் வருடத்துப் பொறியியல் வரைபடத்தில், எல்லோரும் கிராஃபிக்ஸ் என்று சொல்கிற அந்தப் பேப்பரில், கால் மாட்டிக்கொண்டது.

கேட்க எளிய விஷயம்தான். ஒரு பொருளை வார்த்தையில் சொல்லாமல் கோட்டில் சொல்ல வேண்டும். 'கொஞ்சம் பெரிசா, இந்தப் பக்கம் வளைஞ்சாப்ல' என்று வாயால் சொன்னால் பத்துப் பட்டறையில் பத்து விதமாகச் செய்துவிடுவார்கள். வரைபடத்தில் சொன்னால் திருமழிசையில் செய்தாலும் ஜெர்மனியில் செய்தாலும் ஒரே பொருள்தான் வர வேண்டும். வரைகிறவனுடைய கற்பனையோ கவிதையோ அதில் ஏறக் கூடாது. கிருபாகரனுக்குக் கற்பனையும் இல்லை, கவிதையும் இல்லை. ஆனாலும் வரவில்லை.

முதல் முறை அவன் தோற்றது டிராஃப்டரால். டிராஃப்டர் என்பது வரைபலகையின் மேல் ஓரத்தில் திருகி மாட்டுகிற ஒரு கை. முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அதற்கும் உண்டு. நுனியில் இரண்டு அளவுகோல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கோத்திருக்கும். பலகையில் எங்கே நகர்த்தினாலும் அவை சாயாமல் அதே திசையில் நிற்கும். இணைகோடு போட அதுதான் வழி. கிருபாகரன் சீனியர் ஒருவனிடம் வாங்கிய டிராஃப்டரில் மணிக்கட்டுத் திருகு தேய்ந்திருந்தது. பத்து மணிக்குப் போட்ட கோடும் பதினொன்றுக்குப் போட்ட கோடும் இணைகோடுகள் என்று அவன் நம்பினான். அவை பூந்தமல்லியில் பிரிந்து ஆவடியில் சந்திக்கிற மாதிரி இருந்தன.

இரண்டாம் முறை பென்சில். வரைபடக்காரனுக்கு மூன்று பென்சில் வேண்டும். கடினமான 2H, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத துணைக்கோடுகளுக்கு. H, பொருளின் விளிம்புகளுக்கு. மிருதுவான HB, எழுத்துக்கு. கிருபாகரன் மூன்றுக்கும் HB-யையே பிடித்தான். அவன் முழங்கை போகிற வழியெல்லாம் கரியை இழுத்துக்கொண்டு போனது. அவன் வரைந்த கூம்பு, மார்கழி விடிகாலையில் சென்னீர்குப்பம் மேம்பாலம் தெரிகிற மாதிரி தெரிந்தது.

மூன்றாம் முறை அவன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். தாளைச் சுற்றி விளிம்புக்கோடு போட்டு, வலது கீழ் மூலையில் பெயரும் பதிவெண்ணும் எழுதுகிற கட்டத்தை வரைந்து, மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் ஒவ்வோர் எழுத்தையும் அச்சடித்த மாதிரி எழுதி முடித்தபோது ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது. அந்தத் தாளில் அவன் பெயர் மட்டும் முழு மதிப்பெண்ணுக்கு உரியதாக இருந்தது.

நான்காவதிலிருந்து ஒன்பதாவது வரைக்கும்தான் மர்மம். திருகு இறுக்கமாக இருந்தது. பென்சில் மூன்று. நேரத்துக்கு முடித்தான். பார்க்க அழகாகவும் இருந்தது. அப்படியும் ஒவ்வொரு முறையும் முடிவுப் பக்கத்தில் RA என்ற இரண்டு எழுத்துகள் வந்து நின்றன. மறுபடி எழுதவும் என்று அர்த்தம். கல்யாண மண்டப வாசலில் 'மீண்டும் வருக' என்று போட்டிருப்பதைப் பார்த்தால் அவன் பின்வாசலைத் தேடுவான்.

நான்கு வருடப் படிப்பை அதிகபட்சம் ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. வரப்போகிற நவம்பர்த் தேர்வு பத்தாவது முயற்சி. அதுதான் கடைசி. அதிலும் போனால் மற்ற ஐம்பத்துச் சொச்சம் பேப்பர்களில் பாஸ் செய்ததும் சேர்ந்து போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் என்று எழுதிக்கொள்ளலாம். அவன் இப்போது திருமழிசை தொழிற்பேட்டையில், தகடு அழுத்துகிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தான். "சர்டிபிகேட்டக் கொண்டாந்து காமி, மாடிக்கு டிசைன் ரூமுக்கு ஏத்திடறேன்," என்று மேனேஜர் ஜானகிராமன் மூன்று வருடமாகச் சொல்லி வந்தார். போன மாதம்தான் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

இதெல்லாம் வீட்டு விவகாரம். நெமிலிச்சேரியில் அவர்கள் தெருவுக்கு அவன் மூன்று வருடத்துக்கு முன்பே இஞ்சினியர். அம்மா சாவித்திரி அப்படித்தான் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் ஒரு முறை சொன்னால் போதும், தெரு முழுக்கச் சொன்ன கணக்கு. போதாததற்கு, தான் சமைக்கப் போகிற அடுக்குமாடி வீட்டிலும் அதையே சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வீட்டம்மா எழிலரசி. திருச்சிக்காரர், ஐ.டி. வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. அவருடைய மகள் மதிவதனி, கிருபாகரன் படித்த அதே கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். கல்லூரியில் நடந்த முதல் கிராஃபிக்ஸ் டெஸ்டில் அவள் தோற்ற அன்று, எழிலரசி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சாவித்திரியக்கா, உங்க பையன் மெக்கானிக்கல்தானே? ஒரு மாசம் இவளுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்களேன்."

சாவித்திரி யோசிக்கவே இல்லை. "அதுக்கின்னா மேடம். அவன் அதுல பழம் தின்னு கொட்ட போட்டவன்."

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னாள். கிருபாகரன் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாம்மா நீ. நானே அதுல ஃபெயிலு."

"ஒம்போது வாட்டி எய்துன இல்ல? ஒரு வாட்டி எய்தி பாஸ் ஆனவனுக்கு இன்னா தெரியும்? உனக்குத்தான் எல்லா கொஸ்டினும் தெரியும்."

அப்பா நடேசன், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அவ சொல்றதும் கரீட்டுதான் நைனா," என்றார். "டிரைவிங் டெஸ்டுல நாலு தபா உயுந்தவன்தான் இன்னிக்கு ஸ்டாண்டுல எல்லாருக்கும் எட்டு போடக் கத்துக் குடுத்துக்கினுகீறான்."

அப்படியாக, தேர்வுக்கு இருபத்தெட்டு நாள் இருக்கும்போது, கிருபாகரன் டிராஃப்டரைப் பையில் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினான்.

தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினான். நீள்வட்டம். ஒன்பது தேர்விலும் முதல் கேள்வியாக வந்து, நான்காவதிலிருந்து ஒவ்வொரு முறையும் அவன் சரியாக வரைந்தது. காம்பஸில் பென்சில் முனையை எப்படி உளிபோல் சீவ வேண்டும், வளைகோட்டை எப்படிப் புள்ளி புள்ளியாகக் கோத்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும் என்று அவன் காட்டியபோது மதிவதனிக்கு உண்மையாகவே பிரமிப்பு வந்தது. அந்தப் பிரமிப்பை விட்டுவிட அவனுக்கு மனமில்லை. மறுநாளும் நீள்வட்டம். அதற்கு மறுநாள், கூம்பைச் சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் வரும் என்று நிரூபிக்க, சமையலறையிலிருந்து ஒரு கேரட் கொண்டுவரச் சொன்னான்.

கேரட்டைச் சாய்வாக வெட்டினார்கள், நீள்வட்டம் வந்தது. பக்கவாட்டுக்கு இணையாக வெட்டினார்கள், பரவளையம் வந்தது. முள்ளங்கியில் சரிபார்த்தார்கள். உருளைக்கு முருங்கைக்காய், கனசதுரத்துக்குப் பூசணிக்காய். எல்லாம் கிடைத்தளத்துக்கு நாற்பத்தைந்து டிகிரி சாய்வில். சாவித்திரி அவற்றையெல்லாம் எடுத்துப் போட்டுச் சாம்பார் வைத்தாள். எழிலரசி கரண்டியில் ஒரு முருங்கைத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அக்கா, நாலஞ்சு நாளா காய் எல்லாம் கோணலாவே இருக்கே?"

"வெந்தா சரியாப் பூடும் மேடம்," என்றாள் சாவித்திரி.

எட்டாம் நாள் மதிவதனி பென்சிலைக் கீழே வைத்தாள். "அண்ணா, எலிப்ஸ் போதும்ணா. தூக்கத்துலயே போடறேன். புரொஜெக்‌ஷன் எப்ப?"

தள்ளிப்போட வழியில்லை. கிருபாகரன் தாளின் நடுவில் கிடைக்கோடு போட்டான். ஒரு கூம்பு தரையில் நிமிர்ந்து நிற்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் முக்கோணம், மேலிருந்து பார்த்தால் வட்டம். மேலிருந்து பார்த்த வட்டத்தைக் கோட்டுக்கு மேலே வரைந்தான். முக்கோணத்தைக் கீழே வரைந்தான். சுத்தமாக இருந்தது.

மதிவதனி தாளைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"பிளான் கீழதானே வரணும்?"

"மேல இருந்து பார்த்ததை மேலதான் போடணும். கீழ போட்டா கீழ இருந்து பார்த்தாப்ல ஆயிடாதா?"

"எங்க சார் கீழதான் போடறார்."

"உங்க சார் காலேஜ்ல இருக்கறவரு. நான் இண்டஸ்ட்ரில இருக்கேன்," என்றான் கிருபாகரன். அதைச் சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. செல்போனைத் திறந்து ஸ்டோர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் படத்தைக் காட்டினான். மூன்று வருடமாக நாள் முழுக்க அவன் கண்ணெதிரே தொங்குகிற தாள். அமெரிக்காக்காரனுக்கு ஏற்றுமதியாகிற தகடு. அதில் மேல்தோற்றம் மேலேதான் இருந்தது. புத்தகம் பொய் சொல்லலாம், கம்பெனியில் தினம் ஆயிரம் உருப்படி அடிக்கிற படம் பொய் சொல்லுமா என்று எண்ணித்தான் நான்காவது முயற்சியிலிருந்து அவன் அதைப் பார்த்தே வரைந்து வந்தான்.

மதிவதனி படத்தைப் பெரிதாக்கி மூலைக்குப் போனாள். அங்கே இரண்டு வட்டமும் ஒரு வெட்டிய கூம்பும் சின்னதாக வரைந்திருந்தது. கம்பெனியின் முத்திரை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த சின்னம்.

"இது தேர்ட் ஆங்கிள்ணா. அமெரிக்கால இப்படி. நம்ம பரீட்சைக்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள். முதல் கிளாஸ்லயே சொன்னாங்களே."

முதல் கிளாஸ் நடந்த அன்று கிருபாகரன் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்தைத் திருத்த தாலுகா ஆபீசில் நின்றிருந்தான்.

"எங்க, ஒரு தபா சொல்லு," என்றான். சொல்லித் தர வந்தவன் பேசுகிற குரலாக அது இல்லை.

மதிவதனி சுற்றிலும் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அம்மாவின் லேப்டாப் திறந்திருந்தது. எழிலரசி கூரியர்க்காரனுக்குக் கையெழுத்துப் போட வாசலுக்குப் போயிருந்தார். அவள் ஒரு கேரட்டின் தடித்த முனையை விசைப்பலகை மேல் நிற்கவைத்தாள்.

"ஸ்கிரீன்தான் சுவர். கீபோர்டு தரை. பொருள் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. முன்னாடி இருந்து பார்த்தா அதோட உருவம் எங்க விழும்?"

"பின்னாடி. சுவத்துல."

"மேல இருந்து பார்த்தா?"

"தரைல."

"இப்ப ரெண்டையும் ஒரே தாளா ஆக்கணும்." கேரட்டை எடுத்துவிட்டு லேப்டாப்பை முழுக்கப் பின்னால் சாய்த்து மேசையோடு மேசையாக விரித்தாள். "சுவர் மேல போச்சு. தரை கீழ வந்துச்சு. முக்கோணம் மேல, வட்டம் கீழ. அமெரிக்கால பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, பெட்டியோட மேல் மூடியில வரையறாங்க. அதைப் பிரிச்சா மேல வரும். ரெண்டும் சரிதான். ஆனா எக்ஸாம்ல ஒண்ணுதான்."

கிருபாகரன் விரல் விட்டு எண்ணினான். ஆறு தேர்வு. ஒவ்வொன்றிலும் நான்கு கேள்வி. அத்தனை கூம்பும் பட்டகமும் அவன் கையால் அமெரிக்காவுக்குப் போய்விட்டன. தாள் திருத்தியவர்களை அவன் எவ்வளவு திட்டியிருந்தான். ஏழு வருடம் படித்ததில் எத்தனை விஷயத்தை இப்படித் தலைகீழாக நம்பிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேலேயே சந்தேகம் வந்தது.

அப்போதுதான் லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "எழில், நீங்க ஃபேன் காட்டறீங்க. அதுக்கு முன்னாடி கேரட் காட்டினீங்க. எது ஃபைனல்?"

எழிலரசி ஓடிவந்து மூடினார். பதினான்கு பேர் இருந்த மீட்டிங்கில் நான்கு நிமிடம் ஒரு கேரட் பேசாமல் நின்றிருக்கிறது. அதன் அடி அழுத்தியதில் உரையாடல் பெட்டியில் ஒரே எழுத்து மூன்று பக்கத்துக்குப் போயிருந்தது.

"தம்பி," என்றார் எழிலரசி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "பாடம் எல்லாம் பேப்பர்ல நடத்தக் கூடாதா?"

மிச்சம் இருபது நாள். கற்றுக்கொள்வது எளிது, கற்றதைக் கழற்றுவதுதான் பாடு என்று கிருபாகரனுக்குப் புரிந்தது. கை தானாக மேலே போய் வட்டம் போட்டது. அதை இறக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில், ஸ்டோரில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், எதைப் பார்த்தாலும் மேலிருந்து பார்த்ததைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். சாவித்திரி இட்லி வைத்தால் தட்டை ஒரு முறை மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு குனிந்து தரையைப் பார்த்தான்.

"இன்னாடா, உயுந்துடுச்சா?" என்று அவளும் குனிந்து தேடினாள்.

மாலையில் மூன்றாவது மாடியில் இப்போது மதிவதனி கேள்வி கொடுத்தாள், இருவரும் வரைந்தார்கள், மதிவதனி திருத்தினாள். "கொஸ்டின் டிரெண்ட் எப்படி இருக்குன்னு நானும் பார்க்கறேன்," என்று அவன் சொல்லிக்கொண்டான். அவள் அடுத்த கேள்வியைக் கொடுத்தாள்.

தேர்வன்று வரைபலகை ஹாலில் அவனுக்கு ஏழாவது மேசை. மதிவதனி எட்டாவது மேசைக்கு வந்து டிராஃப்டரை மாட்டினாள். கிருபாகரன் பலகைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொள்ள இடம் தேடினான்.

"ஆல் தி பெஸ்ட்ணா," என்றாள் அவள், ஏதோ பஸ் ஸ்டாப்பில் பார்த்த மாதிரி.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே. பாஸ் பண்ணவங்க யாராச்சும் டிராஃப்டர் வச்சிருப்பாங்களா? எங்க சீனியர்ஸ் எல்லாம் ரிசல்ட் வந்த அன்னிக்கே வித்துட்டாங்க."

"உங்க அம்மாவுக்கு?"

"சொல்லல. சொன்னா இந்த மாசச் சாம்பார் எல்லாத்தையும் சேர்த்துத் திட்டுவாங்க."

கேள்வித்தாள் கொடுக்க வந்தவன் திருமுருகன். கிருபாகரனோடு அதே பெஞ்சில் படித்தவன், இப்போது அங்கே விரிவுரையாளன். முகத்தைப் பார்க்காமல் தாளை வைத்துவிட்டு, நகர்ந்து, திரும்பி வந்து, "மச்சான், கிளிப் வச்சிருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டு இரண்டு கிளிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது கேள்வி கூம்பு. கிருபாகரன் கிடைக்கோடு போட்டான். காம்பஸ் கையோடு மேலே போய், தாளில் ஊசி இறங்குகிற இடத்தில் நின்றது. அவன் கண்ணை மூடினான். சுவர், தரை, நடுவில் ஒரு கேரட். ஊசியைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து குத்தினான். வட்டம் கீழே வந்தது. மேலே முக்கோணம். பார்க்க, வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரத்தை எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அப்படித்தான் விட்டான். அடுத்த கேள்விக்கும் அப்படியே. கடைசிக் கேள்வியில் பாதியில் மணி அடித்தது. தாளைக் கொடுக்கும்போது, முடிக்காத அந்தப் பாதிக்கு எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டான். பாஸ் மார்க்கான ஐம்பதைச் சுற்றியே வந்தது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் முடிவு வந்தது. நிஷாதான் அவளுடைய போனில் பார்த்தாள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார்.

"பி," என்றாள் நிஷா.

"பின்னா?" என்றாள் சாவித்திரி.

"ஐம்பதுக்கு மேல அறுபதுக்குள்ள. பாஸும்மா."

கிருபாகரன் போனை வாங்கிப் பார்த்தான். ஒரே எழுத்து. இரண்டாவது எழுத்து எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கீழே இழுத்தும் பார்த்தான். இல்லை. மதிவதனிக்கு எழுதிக் கேட்டான். அவளுக்கு ஏ பிளஸ். 'வாழ்த்துகள்ணா' என்று அவள் எழுதியிருந்தாள். யாருக்கு யார் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் அவன் 'நன்றி மேடம்' என்று பதில் போட்டான்.

மறுநாள் காலை சாவித்திரி ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தாள். தட்டில் அடுக்கி, தெருவுக்குக் கொடுக்க வாசல் வரைக்கும் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். இஞ்சினியர் ஆகி மூன்று வருடமான பிள்ளைக்கு இன்று எதற்கு ஜாங்கிரி என்று யாராவது கேட்டால்?

கேட்க முனியம்மா இருந்தாள். "இன்னா சாவித்திரி, காலங்காத்தால ஸ்வீட்டு? நிஷாவுக்கு எதுனா இடம் வந்துகீதா?"

"அதெல்லாம் இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா யாராச்சும் ஜாங்கிரி குடுப்பாங்களா? அப்போ பையனுக்கா? பொண்ணு எந்த ஊரு?"

சாவித்திரி ஒரு ஜாங்கிரியை எடுத்து அவள் கையில் வைத்தாள். பின்னால் கதவருகில் வேலைக்குக் கிளம்பி நின்ற கிருபாகரனுக்கு, அம்மா இன்னும் ஒரு நிமிடம் நின்றால் தனக்கு ஒரு பெண்ணும் ஊரும் முடிவாகிவிடும் என்று தெரிந்தது. பையில் பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிற படிவம் இருந்தது. அவன் படியிறங்கி வந்தான்.

"பரீட்சை பாஸ் பண்ணிட்டேன் முனியம்மாக்கா."

"இன்னா பரீட்சை?"

"இஞ்சினியரிங்கு."

"அது அப்பவே பண்ட்டியே."

"இல்லக்கா. நேத்துதான் பண்ணேன். அப்போ பண்ணல. அம்மா சும்மா சொல்லிக்கினு இருந்துச்சு."

சாவித்திரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனியம்மா அவளை ஒரு முறை பார்த்தாள், அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஜாங்கிரியைச் சாவகாசமாகத் தின்று முடித்தாள்.

"மூணு வருசம் முன்ன உங்கம்மா சொன்னப்ப ஒரு மிட்டாய்கூடக் குடுக்கல," என்று தட்டின் பக்கம் கையை நீட்டினாள். "அதுக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்."